முப்பத்தைந்தில் ஒன்று: சிற்றுருக் கவச வாகனங்களும் நமது யுத்தத்தின் வரலாறும்

உண்மையான கவச வாகனமொன்றை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்ரிக் துண்டுகளாக வெட்டி ஒட்டி, துருவும் சேறும் தெரிய வர்ணம் பூசி மேசையில் வைப்பது உலகெங்கும் பல இலட்சம் பேரின் பொழுதுபோக்காக இருக்கிறது. நாம் வாழும் ஒன்ராறியோவிலும் இதற்குக் கழகங்கள் உண்டு. ஹமில்ரன் விமான அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் போட்டிக்கு நூற்றுக்கணக்கான சிற்றுருக்கள் வருகின்றன. இவற்றைச் செய்வோரிற் பெரும்பாலானோர் நடுத்தர வயதைக் கடந்த வெள்ளையர். யுத்தத்தைப் புத்தகத்தில் அறிந்தவர்கள்.

இந்த விடயத்தை நமது வட்டங்களில் எடுத்தால் இரண்டு விதமான முகச்சுளிப்பு எழும். ஒன்று, "இது சின்னப்பிள்ளை விளையாட்டு, இதற்கு ஒரு கட்டுரையா?" என்பது. மற்றையது, "எங்கள் வீட்டை இடித்த இயந்திரத்தை அலுமாரியில் வைத்து அழகு பார்ப்பதா?" என்பது. இரண்டாவது கேள்வி கனமானது. அதற்குப் பின்னர் வருவேன். முதலாவதற்கு உடனடியாகவே பதில் சொல்லலாம். ஒரு சமூகம் எதைச் சிறிதாக்கி வைத்துக்கொள்கிறது, எதைச் சிறிதாக்காமல் விடுகிறது என்பது வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டிய ஒன்றே. கோயிற் தேரின் சிற்றுருவைப் பண்பாட்டு வரலாறாக ஆராய்கின்ற நாம், யுத்த டாங்கியின் சிற்றுருவை ஒதுக்கிவிட நியாயமில்லை.

சீப்பிலிருந்து டாங்கிக்கு

இத்தொழிலின் தொடக்கத்தில் ஓர் அகதி நிற்கிறார். நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிய யூதர் 1939இல் லண்டனில் தொடங்கிய கம்பனியே எயார்பிக்ஸ். முதலில் காற்றூதும் இறப்பர் விளையாட்டுப் பொருட்களைச் செய்தார். யுத்தத்தின் பின்னர், உருகிய பிளாஸ்ரிக்கை அச்சினுள் அழுத்திச் செலுத்தும் இயந்திரமொன்றை வாங்கித் தலைவாரும் சீப்புகளை உற்பத்தி செய்தார். 1949இல் பேர்குசன் உழவு இயந்திரக் கம்பனி, தன் விற்பனை முகவர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு சிற்றுருவைச் செய்து தரும்படி அவரிடம் கேட்டது. எயார்பிக்ஸின் முதலாவது சிற்றுரு அந்த உழவு இயந்திரந்தான். 1952இல் பாய்க்கப்பல் ஒன்று, 1953இல் ஸ்பிற்பயர் போர் விமானம், 1960களின் தொடக்கத்தில் டாங்கிகள் என்று அது விரிந்தது. சீப்பு, உழவு இயந்திரம், டாங்கி எல்லாம் ஒரே இயந்திர முறையின் பிள்ளைகள்.

அந்த இயந்திர முறையை நான் நன்கறிவேன். ஒரு காலத்தில் விரிவுரை மண்டபத்தில் நின்று கைத்தொழிற் புரட்சி பற்றிப் பேசியவன், இன்று ஸ்காபரோவில் அத்தகைய இயந்திரமொன்றின் முன் இரவு ஷிவ்ற்றில் நிற்கிறேன். மணிமணியாக வரும் பொலிஸ்ரைரீன் 200 பாகை செல்சியசுக்கு மேல் உருகி, இரு பாதியாகப் பிரியும் உருக்கு அச்சினுள் பாய்கிறது. சில விநாடிகளில் இறுகுகிறது. அச்சுத் திறக்கும்போது சிறு ஊசிகள் பொருளை வெளியே தள்ளுகின்றன. அந்த ஊசி தள்ளிய இடத்தில் வட்டமான ஒரு தழும்பு இருக்கும். தடித்த பகுதி குளிரும்போது மேற்பரப்பிற் குழி விழும். அச்சின் இரு பாதியும் இறுகப் பொருந்தாவிட்டால் ஓரத்தில் மெல்லிய சவ்வு பிதுங்கும். எங்கள் தொழிற்சாலையில் இவை கழித்துப் போட வேண்டிய குறைகள். சிற்றுருச் செய்பவர் முதல் சில நாட்களைச் செலவிடுவது இவற்றைச் சுரண்டவும் நிரப்பவுமே. அதாவது, தொழிலாளியின் கையும் இயந்திரத்தின் இயல்பும் பொருளில் விட்டுச்சென்ற தடயத்தை முற்றாக அழித்த பின்னரே, யுத்தத்தின் தடயம் என்று கருதப்படும் கீறலையும் துருவையும் அவர் வரையத் தொடங்குகிறார்.

இந்த முறையின் பொருளாதாரம் முக்கியமானது. உருக்கு அச்சொன்றை வெட்டுவதற்குப் பெருந்தொகை செலவாகும். பல்லாயிரக்கணக்கில் விற்றால்தான் அச் செலவு மீளும். ஆகவே எந்த வாகனம் சிற்றுருவாக வேண்டும் என்பதை வரலாற்று முக்கியத்துவம் தீர்மானிப்பதில்லை, சந்தையே தீர்மானிக்கிறது. ஹிட்லரின் ரைகர் டாங்கி மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டது. ஆனால் அதற்கு எத்தனையோ கம்பனிகளின் சிற்றுருக்கள் உண்டு. நமது ஒழுங்கைகளில் ஓடியவை எல்லாம் கடைத் தட்டுகளுக்கு வர அதே அருகதையைப் பெறவில்லை.

அடையாளம் காணும் கண்

சிற்றுருக்களின் இன்னொரு மூலம் இராணுவ முகாம். 1942இல் அமெரிக்கக் கடற்படை, பாடசாலை மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களை மரத்திற் செய்து தரும்படி கேட்டது. எழுபத்திரண்டில் ஒன்று என்ற அளவு அங்கு கையாளப்பட்டது. அந்த அளவிலான மாதிரியை 35 அடி தூரத்தில் தொங்கவிட்டால், அது ஏறத்தாழ அரை மைல் தூரத்திலுள்ள உண்மை விமானம் போலத் தெரியும். வானத்தில் வருவது நண்பனா எதிரியா என்று கணப்பொழுதிற் சொல்லக் கண்ணைப் பழக்கும் கருவி அது. தரைப்படைக்கு 108இல் ஒன்று என்ற அளவில் உலோக டாங்கிகள் வார்க்கப்பட்டன. யுத்தத்தின் பின் இவையெல்லாம் கடைக்கு வந்தன. 1960களில் ஒஸ்திரியாவின் றோக்கோ கம்பனி செய்த சின்னஞ்சிறு டாங்கிகளைச் சிறுவர்கள் வாங்கினார்கள். அமெரிக்க இராணுவமும் பயிற்சிக்காக வாங்கியது.

விளையாட்டுப் பொருளும் படைக்கலப் பயிற்சியும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதை இங்கு காண்கிறோம். எனினும் இதிலிருந்து வேறொன்றையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். அடையாளம் காணப் பழகிய கண் அரசுக்கு மட்டும் உரியதல்ல. சாட்சிக்கும் அந்தக் கண் தேவை.

தோற்றவர் செய்த டாங்கி

முப்பத்தைந்தில் ஒன்று என்ற அளவு ஜப்பானின் ஷிசுவோக்கா நகரிலிருந்து வந்தது. 1945 யூனில் அமெரிக்கக் குண்டுவீச்சில் எரிந்த நகரம் அது. மறு ஆண்டில் யொஷியோ ரமியா அங்கு ஒரு மரக் கம்பனியைத் தொடங்கினார். அது மர விளையாட்டுப் பொருட்களுக்கும், 1960இல் பிளாஸ்ரிக்குக்கும் மாறியது. 1961இல் மகன் ஷுன்சாக்கு ரமியாவின் பொறுப்பில் ஜேர்மன் பந்தர் டாங்கியின் சிற்றுரு வந்தது. சிறு மின்மோட்டாரும் பற்றரிகளும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக அதன் பருமன் நிச்சயிக்கப்பட்டது. பின்னர் கணக்குப் பார்த்தபோது அது முப்பத்தைந்தில் ஒன்றாக அமைந்தது. ஒரு பற்றரியின் பருமன் உலகத்துக்கே அளவுகோலாகிவிட்டது. 2025இல் ஷுன்சாக்கு ரமியா காலமானபோது, கவச வாகனச் சிற்றுருச் செய்வோரின் பொது மொழியாக அந்த அளவு நிலைத்திருந்தது.

தன் சொந்த நகரம் எரிந்த தலைமுறை, தன்னைத் தோற்கடித்தவரின் வாகனங்களையும் தன் தோழமை நாட்டின் வாகனங்களையும் அளந்து வரைந்து உலகத்துக்கு விற்றது. ஷுன்சாக்கு அமெரிக்காவின் அபடீன் இராணுவ அருங்காட்சியகத்துக்குச் சென்று டாங்கிகளைப் படம் பிடித்து அளவெடுத்தவர். இதில் ஓர் அபாரமான உழைப்பு இருக்கிறது. ஒரு மௌனமும் இருக்கிறது. ஆணியின் எண்ணிக்கை சரி. அந்த வாகனம் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தது என்ற கேள்வி இல்லை. பின்னர் 1970கள், 80களில் பெல்ஜியத்தின் பிரான்சுவா வேர்லின்டன் போன்றோர், பள்ளங்களில் நீர்த்த கரும் வர்ணத்தை ஓடவிட்டு, மேடுகளை உலர்ந்த தூரிகையால் தடவி, பழசாக்கும் கலையை வளர்த்தனர். பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்த நுண் பாகங்கள் வந்தன. ஹொங்கொங், கொரிய, சீனக் கம்பனிகள் வந்தன. உண்மைத்தன்மை கூடக்கூட, அந்த உண்மை உருக்கின் உண்மையாக மட்டும் நின்றது.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. உக்ரேனின் கியேவ் நகரிலுள்ள மினிஆர்ட் கம்பனி, சிப்பாய்களுடன் பொதுமக்களையும் முப்பத்தைந்தில் ஒன்றாகச் செய்கிறது. 2022 பெப்ரவரிக்குப் பின் அந்த நகரமே யுத்தத்துள் வந்தது. அதே ஆண்டு எரிந்த ரஷ்ய டாங்கிகள் கியேவின் சதுக்கத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

ஒன்ராறியோவின் இரும்பு

கவச வாகனம் என்றால் அது எங்கோ செய்யப்படும் பொருள் என்று எண்ணுவது தவறு. இரண்டாம் உலகப் போரில் மொன்றியல் ரயில் பட்டறையொன்றில் 1420 வலன்ரைன் டாங்கிகள் செய்யப்பட்டன. மிகப் பெரும்பாலானவை சோவியத் யூனியனுக்குப் போயின. 1944இல் உக்ரேனிய ஆறொன்றின் பனிக்கட்டி உடைந்து மூழ்கிய ஒன்று, 1990இல் வெளியே எடுக்கப்பட்டுக் கனடாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஒட்டாவா யுத்த அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. அதே யுத்தத்தில் போர்ட் கம்பனியின் கனடியக் கிளை அனுப்பிய அடிச்சட்டங்களின் மேல் இந்தியாவில் ராட்டாவின் உருக்குத் தகடுகளைப் பொருத்திக் கவச வாகனங்கள் செய்யப்பட்டன.

ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரக் கார் ஓட்டத்திலுள்ள லண்டன் நகரில், 1979 முதல் 1982 வரை 491 ஆறு சில்லுக் கவச வாகனங்கள் கனடிய இராணுவத்துக்காகச் செய்யப்பட்டன. அவற்றில் கூகர் என்ற வகைக்குப் பிரித்தானிய ஸ்கோர்ப்பியன் டாங்கியின் கோபுரமும் 76 மில்லிமீற்றர் பீரங்கியும் பொருத்தப்பட்டன. அந்தப் பீரங்கியின் மூதாதை, கொவென்றியில் அல்விஸ் கம்பனி செய்த சலடின் கவச வாகனத்தின் பீரங்கி. சலடினை நமக்குத் தெரியும். இலங்கை இராணுவத்தின் கவசப் படையணி அதை 1971 ஏப்ரலில் தெற்கின் இளைஞர்களுக்கு எதிராகவும் பின்னர் வடக்கிலும் ஓட்டியது. லண்டன் தொழிற்சாலையின் பிற்கால வாகனங்கள் கந்தகாருக்குப் போயின. 2014இல் அறிவிக்கப்பட்ட உடன்படிக்கையின்படி 1400 கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதிக்கு அவை சவூதி அரேபியாவுக்கு விற்கப்பட்டன. இத்தனைக்கும் சிற்றுருக்கள் உண்டு. நமது பிள்ளைகள் சிலர் அத்தகைய தொழிற்சாலைகளில் பொறியியலாளராகலாம். கவச வாகனத்தின் வரலாறு நமக்கு இரு முனையிலும் உரியது என்பதையே இது காட்டுகிறது.

நமது தெருவில் ஓடியவை

1983 யூலை 23 இரவு திருநெல்வேலியில் நிலக்கண்ணியில் அகப்பட்ட இராணுவத் தொடரணி சாதாரண ஜீப்பும் ட்ரக்கும் கொண்டது. பதின்மூன்று படையினர் இறந்தனர். அதைத் தொடர்ந்து தெற்கில் நடந்ததை நாம் அறிவோம். இராணுவத் தொழில்நுட்பத்தில் அதன் விளைவு, கண்ணிவெடி தாங்கும் வாகனத்துக்கான தேடல். விடை தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. நிறவெறி அரசு தன் எல்லை யுத்தங்களுக்காகச் செய்த பவல், அடிப்பகுதி ஆங்கில 'வீ' எழுத்துப் போலக் கூரானது. வெடியின் அழுத்தம் இரு பக்கமாகச் சிதறிவிடும். தென்னாபிரிக்காவிலிருந்து ஆயுதம் வாங்க வேண்டாம் என ஐ.நா. பாதுகாப்புச் சபை 1984இல் தன் 558ஆம் தீர்மானத்தில் கேட்டிருந்தது. அது பவலைத் தடுக்கவில்லை. பின்னர் இலங்கை இராணுவப் பட்டறைகளே அதைப் பின்பற்றி யுனிகோர்ண், யுனிபவல் என்பவற்றைச் செய்தன.

பவலின் உயரம் ஏறத்தாழ மூன்று மீற்றர். முதுகுக்கு முதுகாக அமர்ந்த படையினர் இரு பக்கமும் கீழ்நோக்கிப் பார்ப்பார்கள். முப்பத்தைந்தில் ஒன்றாக்கினால் வாகனம் எட்டரைச் சென்ரிமீற்றர். வீதியோரம் சைக்கிளை உருட்டிச் செல்லும் மனிதர் ஐந்து சென்ரிமீற்றருக்குள். மதிலுக்கு மேலால் வளவுக்குள் பார்த்த அந்தப் பார்வையை எத்தனை பக்கம் எழுதினாலும் இளைய தலைமுறைக்கு விளக்க முடிவதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விளங்கிவிடும்.

1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் ரி-72 டாங்கிகளுடன் யாழ்ப்பாணத்துள் நுழைந்தது. பல்கலைக்கழகச் சூழலில் இறங்கிச் சிக்கிக்கொண்ட தன் படையினரை மீட்க, கண்ணிவெடிக்கு அஞ்சித் தண்டவாளப் பாதையால் டாங்கிகளை ஓட்டியது. எனக்கு அப்போது பதினேழு வயது. தார் வீதியில் சங்கிலிப் பற்கள் விட்ட வரிசையான குழிகளை மழைநீர் நிரப்பியிருந்தது நினைவிலுண்டு. அதே காலத்தில்தான் சென்னைக்கருகே ஆவடித் தொழிற்சாலையில், 1965 முதல் விஜயந்தா டாங்கிகள் வெளிவந்த அதே இடத்தில், ரி-72இன் உற்பத்தி தொடங்கிக்கொண்டிருந்தது. தமிழ்த் தொழிலாளர் கைபட்ட இரும்பு, தமிழர் வீதி என்ற இந்த முரணை நமது தமிழக உறவு பற்றிய விவாதங்கள் ஒருபோதும் தொட்டதில்லை.

1991இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ரி-55 டாங்கிகள் இலங்கை இராணுவத்துக்கு வந்தன. அதே ஆண்டு யூலையில், ஆனையிறவு முற்றுகையில், புலிகள் புல்டோசருக்குத் தகடு பொருத்திக் கவச வாகனமாக்கிச் செலுத்தினர். கிரனேற்றுடன் அதன்மேல் ஏறி அதை நிறுத்தி உயிரிழந்த காமினி குலரத்ன என்ற சிப்பாய்க்கு அரசு நினைவுச்சின்னம் எழுப்பியது. அந்த வாகனமே ஏ-9 வீதியோரம் காட்சிப்பொருளானது. சுற்றுலாப் பயணிகள் முன்னால் நின்று படமெடுக்கிறார்கள். சின்னம் அந்தச் சிப்பாய்க்குரியது. அந்தத் தகடுகளை வெட்டி ஒட்டிய வெல்டர்களின் பெயர் அங்கில்லை. உள்ளே இருந்தவர்களின் பெயருமில்லை. 1990இலிருந்து எரிபொருளும் இரும்பும் சீமெந்தும் பற்றரியும் வடக்கே வராமல் தடுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தின் பட்டறைத் தொழில் அந்த வாகனத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தகட்டின் தடிப்பும் ஒட்டின் ஒழுங்கும் பார்வைத் துவாரத்தின் அகலமும் ஓர் ஆவணம். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 2009இன் பின் அரசு கைப்பற்றிய இரும்பைக் காத்தது, கோப்பாய் உள்ளிட்ட துயிலும் இல்லங்களின் கல்லறைகளை உழுதது.

சில்லுகளை எண்ணுவது பற்றி

இனி அந்தக் கனமான கேள்விக்கு வருகிறேன். நம்மை அழித்த இயந்திரத்தை அணு அணுவாக அறிவதால் என்ன பயன்?

நமது சாட்சியங்களைப் படித்துப் பாருங்கள். சங்கிலியோ சில்லோ, கவசம் உள்ள எதுவும் நமக்கு 'டாங்கி'. அச்சத்தில் இருந்த மனிதர் அப்படிச் சொல்வது இயல்பு, அவரிற் குற்றமில்லை. ஆனால் அதைப் பதிவு செய்தவரும் மறு கேள்வி கேட்கவில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணியோ அதிகாரியோ கேட்பார்: அந்த ஆண்டில் அந்தப் படையிடம் டாங்கியே இல்லையே? ஒரு சொல்லின் தவறு முழுச் சாட்சியத்தையும் தள்ளிவிடப் போதும்.

சிற்றுருச் செய்பவர் கேட்கும் கேள்விகள் வேறு. சில்லா, சங்கிலியா? சில்லென்றால் பக்கத்துக்கு எத்தனை? மூன்று சில்லும் பெரிய குழலும் என்றால் சலடின். மூன்று சில்லும் நீண்ட முன்மூக்கும் சிறு துப்பாக்கிக் கோபுரமும் என்றால் அதன் உடன்பிறப்பான சரசன். சங்கிலியென்றால் உள்ளே ஓடும் சில்லுகள் எத்தனை? ரி-55க்கு ஐந்து, முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருக்கும். ரி-72க்கு ஆறு, நெருக்கமாக இருக்கும். இலங்கை இராணுவத்திடம் ரி-72 ஒருபோதும் இருந்ததில்லை. 1991க்கு முன் ரி-55உம் இல்லை. ஆகவே, தன் படலையை உடைத்த டாங்கிக்கு ஆறு சில்லு என்று ஒரு தாய் சொன்னால், அவர் ஆண்டை மறந்திருந்தாலும் அது இந்திய இராணுவத்தின் காலமாக இருக்கலாம் என்று நாம் ஊகிக்கலாம். இலங்கை இராணுவத்தின் டாங்கி, ஐந்து சில்லு என்றால் 1991க்குப் பிந்தியது. தேதியில்லாத ஒரு மங்கிய புகைப்படத்துக்கும் இதே முறை பொருந்தும்.

நினைவை விசாரிக்க வயோதிபரிடம் பெயர்ப்பட்டியலை நீட்டுவதில் பயனில்லை. மேசையில் நான்கு சிற்றுருக்களை வைத்து "இதில் எது, அம்மா?" என்று கேட்கலாம். எதையும் சொல்லிக் கொடுக்காமல், சம்பந்தமில்லாத ஒன்றையும் சேர்த்து வைத்து, அவர் காட்டியதைக் காட்டியபடியே பதிய வேண்டும். இராணுவம் தன் சிப்பாயின் கண்ணைப் பழக்கக் கண்டுபிடித்த கருவியை, அந்த இராணுவத்தைக் கண்டவரின் சாட்சியத்துக்குப் பயன்படுத்துவதில் எனக்குத் தார்மீகத் தடை எதுவும் தெரியவில்லை.

பவலுக்கு உருக்கு அச்சு வெட்ட எந்தப் பெருங் கம்பனியும் காத்திருக்க வேண்டியதில்லை. சிலிக்கோன் அச்சில் பிசின் வார்த்துச் சில பிரதிகள் எடுப்பது வீட்டு நிலவறையிலேயே முடிந்த காரியம். முப்பரிமாண அச்சியந்திரம் ரொறன்ரோவின் பொது நூலகக் கிளைகள் சிலவற்றிலேயே உண்டு. நம் இளைஞர்களிடம் கணினித் திறன் இருக்கிறது. நம் மூத்தவர்களிடம் நினைவு இருக்கிறது. இரண்டும் ஒரு மேசையில் அமர்வதில்லை என்பதே குறை.

ஓர் எச்சரிக்கை அவசியம். இம்முயற்சி, புலிகளின் வாகனங்களை மினுக்கி மாவீரர் வார மண்டபத்தில் அலங்காரமாக வைப்பதாக முடிந்துவிடக் கூடாது. ஜேர்மன் டாங்கிகளின் அழகில் மயங்கிய வெள்ளையரின் கழகங்களில் நடந்தது அதுதான்: இரும்பின் மீது கொண்ட காதல், அந்த இரும்பு எதற்காக ஓடியது என்ற கேள்வியை விழுங்கியது. கவச வாகனத்தைத் தனியே நிறுத்தினால் அது எவருடையதானாலும் கம்பீரமாகவே தோன்றும். ஆகவே ஒரு விதியை முன்மொழிகிறேன். நாம் செய்யும் எந்த வாகனமும் தனியே நிற்கலாகாது. அதே அளவில் ஒரு மதில், ஒரு கிணறு, ஐந்து சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும். வாகனத்தின் ஆணிகளை எண்ணும் அதே கவனத்துடன் அந்த மனிதர் யார், எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதையும் கேட்டறிந்து எழுத வேண்டும்.

இதை மறுப்பவர்கள் இப்பக்கங்களிலேயே மறுக்கட்டும். உடன்படுபவர்கள், தம் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே ஒரு கேள்வி கேட்கட்டும்: அதற்கு எத்தனை சில்லு?